போலீஸ் பிடித்தால்: முதல் 24 மணி நேரமும் அதற்குப் பிறகும்

ஒரு கைதில் முதலில் திருத்தப்படுவது நேரம். இரவு 9 மணிக்கு வீட்டில் வைத்துப் பிடித்த ஆளை, மறுநாள் காலை 10 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றபோது பிடித்ததாக எழுதிய ரிமாண்ட் (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் இடும் உத்தரவு) காகிதங்கள் குற்றவியல் வழக்கறிஞர்களுக்குப் பழகிப்போனவை. நடுவில் போன 13 மணி நேரம் எந்தக் காகிதத்திலும் இராது. அடி விழுந்திருந்தால் அந்த இடைவெளியில்தான் விழுந்திருக்கும். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும்: உண்மையான நேரத்தை எங்காவது பதிய வைப்பது.

சட்டத்தின் எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடப்பில் உள்ளது. ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் இன்னும் பலர் ‘41ஏ நோட்டீஸ்’, ‘167 ரிமாண்ட்’ என்றே சொல்வார்கள். அவை இப்போது 35(3), 187. கீழே சட்டத்தின் பெயரில்லாமல் வரும் பிரிவு எண்கள் எல்லாம் இந்தப் புதிய சட்டத்தினுடையவை. உரிமைகளின் வேர் அரசியல் சட்டத்தின் 20(3), 21, 22 ஆகிய பிரிவுகளில் இருப்பதால், எண் மாறியதால் எதுவும் பறிபோகவில்லை.

“சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்க”

பெரும்பாலான சிக்கல் கைதில் தொடங்குவதில்லை, இந்தப் போன் அழைப்பில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) போட்டு, எதிர்த்தரப்பை ‘மனு விசாரணை’க்கு என்று ஏட்டு போனில் கூப்பிடுவார். அந்த நிலையில் எஃப்.ஐ.ஆர். இல்லை, நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவரும் இல்லை. போனவர் அங்கேயே உட்கார வைக்கப்பட்டால் அதைக் காட்ட ஒரு தாளும் இருக்காது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் நகைத் திருட்டுப் புகார் தொடர்பான விசாரணைக்கு என்று கொண்டுபோகப்பட்டு உயிரிழந்தார். ‘விசாரணைதானே’ என்று அசட்டையாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

எழுத்தில் கேளுங்கள். சாட்சியாக அழைப்பதென்றால் பிரிவு 179-இன்படி எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட ஆண்கள், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே முடியாது. போலீஸ்தான் அவர்கள் இருக்குமிடத்துக்கு வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவராக அழைத்தால் 35(3) நோட்டீஸ். வாட்ஸ்அப்பில் அந்த நோட்டீஸை அனுப்பினால் அது முறைப்படி நோட்டீஸ் கொடுத்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நோட்டீஸுக்கு ஆஜராகாததையே காரணம் காட்டிக் கைது செய்யப் பிரிவு 35(6) இடம் கொடுக்கிறது. நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்ய வேண்டுமென்றால், ஏன் தேவை என்று அதிகாரி காரணம் எழுத வேண்டும். ஆகவே போவதுதான் பாதுகாப்பு. தனியாகப் போகாதீர்கள், போவதற்கு முன் “இன்று மாலை 4 மணிக்கு இன்ன ஸ்டேஷனில் ஆஜராகிறேன்” என்று வழக்கறிஞருக்கும் வீட்டில் ஒருவருக்கும் செய்தி அனுப்புங்கள். நாளைக்கு அந்தச் செய்தியே சாட்சி.

முன்ஜாமீன் (பிரிவு 482) கேட்க வேண்டுமென்றால் அதற்கான நேரமும் இதுதான். கைதான பிறகு முன்ஜாமீன் கிடையாது.

பிடிக்கும் நிமிடம்

திமிறாதீர்கள், ஓடாதீர்கள். எதிர்த்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்த 43-ஆவது பிரிவு அனுமதிக்கிறது; கூடவே அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தடுத்ததாக இன்னொரு வழக்கும் சேரும். வாயால் கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன, எந்த ஸ்டேஷன், எந்த வழக்கு, என்ன பிரிவு? அதிகாரி தெளிவாகத் தெரியும் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. இப்போது பிரிவு 36-இலும் இருக்கிறது. மஃப்டியில் வந்தவர்கள் பெயர் சொல்ல மறுத்தால் வண்டி எண்ணைப் பாருங்கள். வீட்டார் 112-க்கு அழைக்கட்டும். அந்த அழைப்பின் பதிவு, யார் எப்போது கொண்டுபோனார்கள் என்பதைப் பிறகு மறைக்க முடியாதபடி செய்துவிடும்.

குற்றம் 7 ஆண்டு வரை தண்டனைக்குரியது என்றால் கைது இயல்பாக நடக்க வேண்டியதே அல்ல. தப்பி ஓடுவார், சாட்சியை மிரட்டுவார், ஆதாரத்தை அழிப்பார் என்பது போன்ற காரணம் ஒன்றை அதிகாரி எழுதியாக வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் இதற்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலையே உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், உடல் நலிந்தவரையோ 60 வயது தாண்டியவரையோ கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும்.

ஸ்டேஷனுக்குள் இரண்டு காகிதங்கள்

முதலாவது கைதுக் குறிப்பாணை; எல்லோரும் சொல்வது ‘அரெஸ்ட் மெமோ’. குடும்பத்தவர் ஒருவரோ, அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். நீங்களும் கையெழுத்திட வேண்டும். இதில் பார்க்க வேண்டிய கட்டம் ஒன்றே ஒன்று, கைது செய்த நேரமும் இடமும். தவறாக இருந்தால் சண்டை போட வேண்டாம். உங்கள் கையெழுத்துக்கு அருகிலேயே, உங்கள் கையெழுத்திலேயே, “என்னை வீட்டில் இருந்து 12-ஆம் தேதி இரவு 9 மணிக்கு அழைத்து வந்தார்கள்” என்று எழுதி, கையெழுத்திடும் தேதியையும் நேரத்தையும் போடுங்கள். ‘அதெல்லாம் எழுதக் கூடாது’ என்று ரைட்டர் தாளைப் பிடுங்கினால், அதையே மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல ஒரு விஷயமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

இரண்டாவது, கைதுக்கான காரணங்கள். பிரிவு எண்ணை மட்டும் சொல்வது போதாது. நீங்கள் என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்ற உண்மைகள் அதில் இருக்க வேண்டும். 2023-இல் பங்கஜ் பன்சால் வழக்கில் பண மோசடித் தடுப்புச் சட்டத்துக்கும், 2024-இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்துக்கும் சொன்னதை, 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது. காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். சம்பவ இடத்தில் உடனே எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லையென்றால் கைதும் ரிமாண்டும் செல்லாது. இதை வைத்து வழக்கே முடிந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். காரணங்களைக் கொடுத்துவிட்டு மறுபடி ரிமாண்ட் கேட்க போலீஸுக்கு வழி இருக்கிறது.

உடலைச் சோதித்து எடுத்த பணம், மோதிரம், போன் எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு (பிரிவு 49). பெண்ணைச் சோதிப்பது பெண்தான். வீட்டைச் சோதனையிட்டால் பிரிவு 105-இன்படி வீடியோ எடுக்க வேண்டும். போனின் பாஸ்வேர்டைக் கட்டாயப்படுத்தி வாங்கலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. வழக்கறிஞரைப் பார்த்த பிறகு பதில் சொல்கிறேன் என்பதே சரியான பதில். கைரேகை, புகைப்படத்துக்கு மட்டும் மறுக்காதீர்கள். 2022-ஆம் ஆண்டின் அடையாளச் சட்டப்படி அதைத் தடுப்பதே குற்றம்.

வாக்குமூலம்

பெயர், முகவரி சொல்லுங்கள். உங்களைக் குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 20(3)-இல் இருக்கிறது. 1978-இல் நந்தினி சத்பதி வழக்கு அதை ஸ்டேஷன் விசாரணைக்கும் பொருத்தியது. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம் (பிரிவு 38), ஆனால் முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைக்கும் உரிமை கிடையாது. உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை எதுவும் உங்கள் சம்மதமில்லாமல் செய்ய முடியாது என்று 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பானது.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆதாரமாகாது என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் விதிவிலக்கு ஒன்று உண்டு. கோர்ட்டில் பெரிதாகப் பேசப்படுவது அதுதான். பாரதிய சாட்சிய சட்டத்தின் 23-ஆவது பிரிவில், நீங்கள் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் ஆதாரமாகும். “கத்தியை இன்ன புதரில் வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்” என்ற அந்த நாலு வரிக்காகத்தான் வி.ஏ.ஓ.வையும் கிராம உதவியாளரையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்துச் சாட்சி போடுகிறார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்தால், சாதாரணப் பேச்சு முடிந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். சாதாரண விசாரணை வாக்குமூலத்தில் (பிரிவு 180) கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது 181.

வெளியே இருப்பவர்கள் செய்ய வேண்டியது

முன்பெல்லாம் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் வழக்கறிஞர் சொல்லும் முதல் வார்த்தை “தந்தி கொடு” என்பதுதான். முதலமைச்சர், டி.ஜி.பி., மாஜிஸ்திரேட் எனப் பல பேருக்குத் தந்தி போகும். அதில் விழுந்த தபால் நிலைய முத்திரையின் நேரம், அரெஸ்ட் மெமோவின் நேரத்தைப் பொய்யாக்கிய வழக்குகள் உண்டு. 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. அந்த வேலையை இப்போது மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் செய்கின்றன. எஸ்.பி. அல்லது கமிஷனர், பகுதி மாஜிஸ்திரேட், மாநில மனித உரிமை ஆணையம் ஆகியோருக்கு நான்கே வரி போதும்: யாரை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எந்த வண்டியில். எதிரே டீக்கடையில் கேமரா இருந்தால் அன்றே பதிவைக் கேட்டு வாங்குங்கள். சிறிய கடைகளின் கருவிகளில் சில நாட்களில் பழைய பதிவு அழிந்துவிடும்.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல மறுத்தால்? கைதான தகவலை நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 48). ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைதானவர்கள் விவரத்தை வைத்திருக்க, ஏ.எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 37. 24 மணி நேரம் தாண்டியும் தகவல் இல்லையென்றால், சென்னை உயர்நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆள்கொணர்வு மனு (ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் மனு). ஆள் ரிமாண்ட் ஆகிவிட்டால் இந்த மனு பொதுவாக வலுவிழந்துவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்கு அழைக்கலாம். காவலில் இருப்பவர் எவராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இலவச வழக்கறிஞர் தருகிறது.

டாக்டரிடம்

கைதான உடனே மருத்துவப் பரிசோதனை (பிரிவு 53). வழக்கமாக அரசு மருத்துவமனையில், ரிமாண்டுக்குப் போகும் வழியில், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘வழுக்கி விழுந்தார், மாவுக்கட்டு போட்டோம்’ என்ற வாசகம் ஊரே சிரிக்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. சிரிப்பது சுலபம், சட்டப்படி அந்த வாசகத்தை உடைக்க வேண்டிய இடம் இந்த மேஜைதான். போலீஸ்காரரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள். எந்த இடத்தில் வலி, எதால் அடித்தார்கள், எப்போது என்று சொல்லுங்கள். காயத்தையும், அது ஏற்பட்டிருக்கக்கூடிய தோராயமான நேரத்தையும் பதிவது டாக்டரின் சட்டக் கடமை. அறிக்கையின் நகல் உங்களுக்கோ நீங்கள் சொல்பவருக்கோ கிடைக்க வேண்டும். அடிபட்ட இடம் உடனே கன்றாது. உள்ளங்காலில் அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அதனால் ‘காயம் இல்லை’ என்று முதலில் எழுதியிருந்தாலும், சிறைக்குள் நுழையும்போது நடக்கும் பரிசோதனையில் மறுபடி சொல்லுங்கள்.

மாஜிஸ்திரேட் முன்

24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக (பிரிவு 58). ஞாயிறு, பொங்கல், நள்ளிரவு எதுவும் இதைத் தள்ளிப்போடாது. மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். நேரம் எண்ணப்படுவது உங்கள் நடமாட்டத்தை நிறுத்திய கணத்திலிருந்து, மெமோ எழுதிய கணத்திலிருந்து அல்ல.

“போலீஸ் மேல் ஏதாவது குறை உண்டா?” என்று ஒரு கேள்வி வரும். பெரும்பாலானவர்கள் “இல்லை ஐயா” என்று சொல்லிவிடுகிறார்கள். காரணம் எளிது: அரை மணி நேரம் முன்பு வண்டியில், “அங்கே ஏதாவது சொன்னால் திரும்ப எங்கள் கையில்தான் வருவாய்” என்று சொல்லியிருப்பார்கள். இது பெரும்பாலும் வெற்று மிரட்டல். நீதிமன்றக் காவல் என்றால் நீங்கள் போவது சிறைக்கு. போலீஸ் காவல் தனியாக மனுப்போட்டு வாங்க வேண்டியது. அதையும் ஆள் நேரில் இல்லாமல் கொடுக்க முடியாது. அடிபட்டிருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டி, “இதை எழுதிக்கொள்ளுங்கள், டாக்டரிடம் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். உண்மையான கைது நேரத்தையும், காரணங்கள் எழுத்தில் தரப்பட்டனவா என்பதையும் சொல்லுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தைக்கும் மகனுக்கும் மருத்துவச் சான்றும் இருந்தது, ரிமாண்டும் நடந்தது. சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். காகிதம் சரியாக இருப்பதும் ஆள் சரியாக இருப்பதும் வேறு வேறு.

போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான். புதிய சட்டத்தில் அதை முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாகவும் கேட்கலாம் என்பதால், முதல் 15 நாள் தாண்டியதும் ஆபத்து போய்விட்டது என்று முன்போல் மூச்சுவிட முடியாது.

ஜாமீன்

பிணையில் விடக்கூடிய குற்றமா என்று முதலில் எஃப்.ஐ.ஆர். பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியிட்டால் பாதிப்பு வரக்கூடிய வழக்குகள் நீங்கலாக, எஃப்.ஐ.ஆர். 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற வேண்டும். வாகன விபத்தில் ஒருவர் இறந்தால் வழக்கமாகப் போடும் பாரதிய நியாய சன்ஹிதா (இ.பி.கோ.வின் இடத்தில் வந்த சட்டம்) 106(1) பிணைக்குரியது. ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை, சலுகை அல்ல. பத்துப் பிரிவுகளில் ஒன்றே ஒன்று பிணைக்குரியது அல்லாததாக இருந்தாலும் ஸ்டேஷன் ஜாமீன் கிடைக்காது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதனால் கடைசியாகச் சேர்த்த பிரிவு எது என்று கவனிக்க வேண்டும்.

ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஆள் வெளியே வராமலிருப்பதற்கு வழக்கமான காரணம் ஜாமீன்தாரர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு பேர் கேட்பார்கள், ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சேர்ப்பார்கள். ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, புகைப்படம் ஆகியவற்றை மனு போடும் நாளிலேயே தயாராக வையுங்கள். பிணைக்குரிய குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் காட்ட முடியாதவரை ஏழை என்றே கருதி, சொந்தப் பிணையில் விட வேண்டும் (பிரிவு 478).

அடுத்தது எண்ணிக்கை. மரணம், ஆயுள், 10 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையென்றால் ஜாமீன் கிடைத்தே தீரும். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 61-ஆம் நாள் காலையில் மனு தயாராக இருக்க வேண்டும். அன்று மாலை போடலாம் என்று விட்டு, மதியம் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஊபா, போதைப்பொருள் வழக்குகளில் இந்தக் கணக்கு 180 நாள் வரை நீளலாம். குண்டர் சட்டம் முற்றிலும் வேறு. அது தடுப்புக்காவல் என்பதால் 24 மணி நேர விதியே பொருந்தாது.

பெண்கள், சிறார்கள்

சூரியன் மறைந்து உதிக்கும் வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் பெண் அதிகாரி எழுத்தில் கேட்டு மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும். ஆனால் இதை மீறினாலே கைது செல்லாததாகிவிடாது என்று 2025-இல் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. ஏன் பின்பற்றவில்லை என்று அதிகாரி விளக்க வேண்டியிருக்கும். 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே முடியாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதில் தகராறு வரும், பள்ளிச் சான்றிதழை வீட்டார் கையோடு எடுத்துப் போகட்டும்.

மீறல் நடந்திருந்தால்

உச்ச நீதிமன்றம் 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பு எங்கும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. ‘கேமரா அன்று பழுது’ என்ற பதில் வரும் என்று எதிர்பார்த்தே வேலை செய்யுங்கள். தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் பாதுகாக்கக் கேட்கும் மனுவை முதல் வாரத்திலேயே எஸ்.பி.க்கும் நீதிமன்றத்துக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மனு கொடுத்த பிறகு காணாமல் போகும் பதிவுக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். கொடுக்காமல் விட்டால் பழுது பழுதாகவே முடிந்துவிடும். மனித உரிமை ஆணையத்துக்கான புகாரைச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதனுடன் டாக்டரின் அறிக்கை, அரெஸ்ட் மெமோ, ரிமாண்ட் உத்தரவு, அன்றிரவு வீட்டார் அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய நான்கின் நகலையும் நேர வரிசையில் அடுக்கி இணையுங்கள்.